வெளிநாட்டுப் பூங்கிழங்குகளைக் கொண்டு வரலாமா?

பயணம் சென்று திரும்புவோர் உற்றார் உறவினருக்கென ஏதேனும் ஒன்றைக் கொண்டு வருதல் நம் மக்களிடையே நெடுநாளாக நிலவிவரும் நல்வழக்கம். தமிழகத் திருத்தலங்களுக்குச் சென்று வருவோர் திருநீறும் குங்குமமும் கொணர்வர். அவர்களுள் சிலர், அங்கே மணம் வீசக் கண்ட சம்பங்கியின் கிழங்குகளையும் துணியில் முடிந்து எடுத்து வருவர். பிள்ளைகளின் உயர்வால் ஐரோப்பியப் பயணம் வாய்க்கப்பெற்ற பெற்றோர், ஹாலந்து நாட்டுத் துலிப் மலர்களைக் கண்டு மகிழ்ந்து, அவற்றின் கிழங்குகளை வாங்கி வருவதும் உண்டு.

வீட்டு வாசலில் அழகிய மலர் பூக்க வேண்டும் என்னும் ஆசை போற்றுதற்குரியதே. ஆயினும், பிற நாட்டு மண்ணில் விளைந்த கிழங்கை நம் மண்ணில் ஊன்றுமுன் தோட்ட மக்களாகிய நாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் சில உள்ளன. அவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கிழங்கின் இயல்பு

ஒரு வெங்காயத்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில்கள் அடுக்கடுக்காய் அமைந்திருத்தலைக் காணலாம். துலிப், நார்சிசஸ், லில்லி முதலியவற்றின் கிழங்குகளும் இவ்வாறே அமைந்தவை. செடி வளர்வதற்கு வேண்டிய உணவு இச்செதில்களிலே சேமித்து வைக்கப்பட்டுள்ளது. நடுவே குருத்து உறங்கிக் கிடக்கின்றது. நீரும் மண்ணும் இன்றியே பல வாரங்கள் உயிரோடிருக்க வல்லது இக்கிழங்கு. பெட்டியில் வைத்துக் கொண்டு வருவதற்கு எளிதாயிருப்பது இதனாலேயே.

கிழங்கினுள் உயிர் காக்கப்படுவது போலவே, அதில் ஒட்டி வாழும் பிற உயிர்களும் காக்கப்படுகின்றன. செதில்களின் இடுக்கில் சிலந்திப் பேன்களும் நூற்புழுக்களும் ஒளிந்திருக்கலாம். பூசணத்தின் வித்துகள் தோலில் ஒட்டியிருக்கலாம். நச்சுயிரியோ கிழங்கின் சதையிலேயே கலந்திருக்கும். வெளியே நீரூற்றிக் கழுவுவதால் இவையெல்லாம் நீங்கிவிடா. பார்வைக்குப் பருத்துப் பளபளப்பாக இருக்கும் கிழங்கும் நோயுடையதாக இருத்தல் கூடும்.

நூற்புழுக்களுள் ஒருவகை நார்சிசஸ் முதலிய கிழங்குகளைத் தாக்கி அழுகச் செய்வது. அதன் நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே. காய்ந்த நிலையில் பல ஆண்டுகள் அசைவற்றுக் கிடந்து, ஈரம் பட்டதும் மீண்டும் இயங்கத் தொடங்கும் ஆற்றல் அதற்கு உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்திலும் ஹாலந்திலும் மலர்க்கிழங்குப் பண்ணைகளை இப்புழு பெரிதும் அழித்தது. ஏறத்தாழ 43 பாகை செல்சியஸ் வெந்நீரில் கிழங்குகளை மூன்று மணி நேரம் வைத்திருக்கும் முறை அதன்பின்னரே வழக்கிற்கு வந்தது. வெப்பம் சற்றுக் குறைந்தால் புழு சாகாது. சற்று மிகுந்தால் கிழங்கு கெடும். ஆகவே, இது வீட்டு அடுப்பில் செய்துகொள்ளத் தக்க முறையன்று.

நாம் விரும்பும் சம்பங்கிக்கும் இத்தகைய பகைகள் உண்டு. மேற்கு வங்காளத்தில் சம்பங்கி பயிரிடுவோரை வருத்திவரும் ஒரு நூற்புழு, மொக்குகளைக் கருகச் செய்து மலராவண்ணம் தடுக்கின்றது. அதே புழுதான் நெற்பயிரின் இலை நுனியை வெளுக்கச் செய்து விளைச்சலைக் குறைப்பதும் ஆகும். பூவுக்கு வந்த நோய் பூவோடு நிற்பதில்லை என்பதற்கு இஃது ஒரு சான்று.

துலிப் இங்கே பூக்குமா?

ஹாலந்தின் லிஸ்ஸ நகரிலுள்ள கேய்கன்ஹோஃப் பூங்காவில் ஆண்டுதோறும் சுமார் 70 லட்சம் கிழங்குகள் நடப்படுகின்றன. இலையுதிர் காலத்தில் நடப்பட்டு, குளிர்காலம் முழுவதும் மண்ணுள் கிடந்து, வசந்தத்தில் அவை பூக்கின்றன. அக்குளிரே துலிப் பூப்பதற்கு இன்றியமையாதது. ஏறத்தாழ 12 முதல் 16 வாரங்கள் வரை, 9 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிரில் கிழங்கு இருத்தல் வேண்டும். நம் நாட்டின் சமவெளியில் இரவிலும் அத்தகைய குளிர் இல்லை. முன்னரே குளிரூட்டப்பட்ட கிழங்கு ஒருமுறை பூக்கலாம்; மறு ஆண்டு பூப்பது அரிது. அரும்பாடுபட்டுக் கொண்டுவந்த கிழங்கு மண்ணில் அழுகிப்போக, அதனோடு வந்த பூசணமோ புழுவோ இங்கே தங்கிவிடுமாயின், நமக்கு எஞ்சுவது நோய் மட்டுமே.

வரலாறு கற்பிக்கும் பாடம்

தோட்டத் தொழிலை நம்பி வாழ்வோர் மறக்கலாகாத வரலாறுகள் இரண்டு உண்டு.

முதலாவது இலங்கையில் நிகழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் அத்தீவின் மலைநாடு முழுவதும் காப்பித் தோட்டங்கள் பரவியிருந்தன. அவற்றில் உழைத்தோர் தமிழகத்திலிருந்து சென்ற நம் மக்களே. 1869ஆம் ஆண்டில் காப்பி இலைகளில் துருவின் நிறமுடைய புள்ளிகள் காணப்பட்டன. ஒரு பூசணத்தால் விளைந்த அந்நோய் தோட்டத்திற்குத் தோட்டம் பரவியது. ஏறத்தாழ 20 ஆண்டுகளுள் இலங்கையின் காப்பித் தொழில் அழிந்தது. காப்பி இருந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. நோய் இலையில் தோன்றினும், துன்பம் தொழிலாளர் இல்லங்களில் முடிந்தது.

இரண்டாவது ரப்பரைப் பற்றியது. ரப்பர் மரத்தின் தாயகம் தென் அமெரிக்கா. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை இலண்டன் கியூ பூங்காவிற்குக் கொண்டு சேர்த்தார். அவற்றிலிருந்து வளர்ந்த கன்றுகளுள் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன; அவற்றுள் சில பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. மரம் கடல் கடந்தது. தென் அமெரிக்க இலைக்கருகல் நோய் கடல் கடக்கவில்லை. நம் ரப்பர்த் தொழில் தழைத்தோங்கியதற்கு இதுவும் ஒரு பெருங்காரணம்.

அந்நோயின் கொடுமையைப் பிரேசிலில் காணலாம். 1928இல் ஃபோர்ட் நிறுவனம் தப்பாஜோஸ் ஆற்றங்கரையில் 'ஃபோர்ட்லாந்தியா' என்னும் பெருந்தோட்டத்தை அமைத்தது. அங்கே இளந்தளிர்களை இலைக்கருகல் நோய் தாக்கியது. தளிர்க்குந்தோறும் இலைகள் உதிர்ந்தன. 1934இல் பெல்தெர்ரா என்னுமிடத்தில் மீண்டும் முயன்றும் பயனில்லை. 1945இல் அந்நிறுவனம் தோட்டங்களைப் பிரேசில் அரசிடம் ஒப்படைத்து வெளியேறியது.

துலிப் கிழங்கு ரப்பர் நோயைக் கொண்டுவருமோ எனச் சிலர் வினவலாம். இலைக்கருகல் நோய் ரப்பர் இன மரங்களையே தாக்குவது. துலிப்பில் அது வாழ்வதில்லை. ஆயினும், அந்நோயின் வித்துகள் துணியிலும் பெட்டியிலும் ஒட்டிக்கொண்டு சில நாள்கள் உயிரோடிருக்க வல்லவை. ஆப்பிரிக்காவில் செம்பனையை வாடச் செய்யும் மற்றொரு பூசணமோ மண்ணிலேயே வாழ்வது. ஆகவே, எந்தப் பொருளில் எது ஒட்டியிருக்கும் என்பதைக் கண்ணால் கண்டு தெளிய இயலாது. எல்லாச் செடிகளுக்கும், கிழங்குகளுக்கும், மண்ணுக்கும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டிருப்பதன் காரணம் இதுவே.

சட்டம் கூறுவது

பயிர் நோய்கள் எல்லை கடவாமல் தடுத்தற்கென 1951இல் உலக நாடுகளின் உடன்படிக்கை ஒன்று ஏற்பட்டது. 1956இல் தென்கிழக்காசிய, பசிபிக் வட்டார நாடுகள் செய்துகொண்ட உடன்பாட்டில் ரப்பர் இலைக்கருகல் நோய்க்கெனத் தனிப் பகுதியே சேர்க்கப்பட்டது. மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் தாவர நோய்த்தடுப்புச் சட்டமும், 1981ஆம் ஆண்டின் விதிமுறைகளும் இயற்றப்பட்டன. பின்னர் வந்த 2011ஆம் ஆண்டின் மாக்கிஸ் சட்டப்படி, அனுமதியின்றித் தாவரங்களைக் கொண்டு வருவோருக்கு ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ, ஆறாண்டு வரை சிறைத்தண்டனையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பையில் இருப்பது ஒரே கிழங்காயினும் அனுமதி வேண்டும்.

முறையாகக் கொண்டுவரும் வழி

1. பயணம் புறப்படுமுன்னரே, கொண்டுவர விரும்பும் கிழங்கின் பெயரையும் நாட்டையும் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள விவசாய இலாகா அலுவலகத்தில் விசாரித்தல் வேண்டும். தடை இல்லையெனின் இறக்குமதி அனுமதி பெறுதல் வேண்டும்.

2. கிழங்கை வாங்கும் நாட்டின் தாவரப் பாதுகாப்பு அலுவலகத்தில் நோயின்மைச் சான்றிதழ் பெறுதல் வேண்டும். கடைக்காரர் தரும் பற்றுச்சீட்டு இதற்கு ஈடாகாது. வேறொரு நாட்டிற்கென வழங்கப்பட்ட சான்று பொதியின்மேல் ஒட்டப்பட்டிருப்பின், அது நமக்குப் பொருந்தாது.

3. கிழங்கில் மண் சிறிதும் ஒட்டியிருத்தல் கூடாது. தொட்டியோடும் மண்ணோடும் செடிகளைக் கொண்டுவர முயலுதல் தவறு. சேறு படிந்த காலணிகளையும் கழுவித் துடைத்தபின்னரே பெட்டியில் வைத்தல் நலம்.

4. விமான நிலையத்திலோ துறைமுகத்திலோ எல்லைச் சாவடியிலோ அதிகாரி வினவுமுன் நாமே அறிவித்தல் வேண்டும். துணிகளுக்கிடையே மறைத்தல் குற்றமாகும்.

5. சோதனைக்குப் பின் கிழங்குக்கு மருந்திடப்படலாம். சிலகாலம் தனியே வைத்துக் கண்காணிக்கப்படலாம். நோய் காணப்படின் அழிக்கப்படலாம். அதனை மனவருத்தமின்றி ஏற்றுக்கொள்வதே கடமை.

முன்னரே எவரேனும் கொண்டுவந்து நட்ட செடியில் புதுமையான புள்ளியோ வாடலோ காணப்பட்டால், அதனைப் பிடுங்கிக் காட்டில் எறிதல் கூடாது; அண்டை வீட்டாருக்குப் பதியன் கொடுத்தலும் கூடாது. விவசாய இலாகாவினரிடம் உடனே தெரிவித்தல் வேண்டும். விரைந்து தெரிவித்தால் நோயை ஒரு வாசலோடு நிறுத்திவிட இயலும்.

வாசலை அழகுபடுத்த

நம் நாட்டு நாற்றுப் பண்ணைகளிலேயே நம் வெப்பத்திற்கும் மழைக்கும் ஏற்ற செடிகள் உள்ளன. மழை லில்லி சிறு கிழங்கிலிருந்து முளைத்து, மழை பெய்த சில நாள்களில் கொத்தாய்ப் பூப்பது. கல்வாழை ஆண்டு முழுவதும் மலர்வது. செம்பருத்தி, வெட்சி, மல்லிகை ஆகியவற்றைச் சொல்லவும் வேண்டா. வெளியூர் மலரைக் கண்ட மகிழ்ச்சியைப் புகைப்படமாகக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

ஒரு ரப்பர்க் கன்று பால் வெட்டும் பருவத்தை எய்துவதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அத்துணைக் காலம் காத்து வளர்த்த மரங்களை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. எல்லையில் கிழங்கொன்றை ஒப்படைத்துவிட்டு வருபவர் இழப்பது மிகச் சிறிது. நோய் உள்ளே நுழைந்துவிட்டால் இழப்பு ஊர் முழுவதற்கும் ஆகும். இதனைப் பெற்றோர் பிள்ளைகளுக்கும், பயணம் புறப்படும் உறவினருக்கும் எடுத்துரைப்பார்களாக.