பழைய கார்புரேட்டர் பிக்கப்பில் வேக்குவம் ஹோஸ் மாட்டுவது

கலிபோர்னியாவின் பெரும்பாலான பகுதிகளில், 1976 முதல் வந்த பழைய பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஸ்மாக் செக் வந்துவிடும். புகையை மட்டும் அளந்துவிட்டு அனுப்ப மாட்டார்கள். பானெட்டைத் திறந்து, கம்பெனி கொடுத்த ஹோஸும் வால்வும் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். நான் வாங்கிய 1985 டொயோட்டா பிக்கப்பில் 22ஆர் இன்ஜின். முன்பு வைத்திருந்தவர் பாதி ஹோஸைப் பிடுங்கி, அவற்றின் வாயில் ஸ்க்ரூவைத் திருகி அடைத்திருந்தார். மிச்சமிருந்ததெல்லாம் இடியாப்பச் சிக்கல்.

பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் வரைபடத்தில்தான் தொடங்க வேண்டும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். இடித்து பானெட் மாற்றிய வண்டியென்றால் வேறு வருடத்துப் படம் ஒட்டியிருக்கும். கலிபோர்னியாவுக்கென்று வந்த வண்டிக்கும் மற்ற மாநிலங்களுக்குப் போனதற்கும்கூட ஹோஸ் ஓட்டம் வேறுபடும்.

எல்லோரும் ஹோஸ் எங்கே போகிறது என்றுதான் தேடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது, அதற்கு வேக்குவம் எங்கிருந்து கிடைக்கிறது என்று. இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வந்தால், நல்ல இன்ஜினில் ஐட்லிங்கிலேயே வேக்குவம் கேஜ் 17 முதல் 21 அங்குலம் வரை பாதரச அளவு காட்டும். கார்புரேட்டரில் த்ராட்டில் தட்டுக்குச் சற்று மேலே இருக்கும் துளையிலிருந்து வந்தால், ஐட்லிங்கில் ஒன்றும் இருக்காது. கேஜ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஹோஸைக் கழற்றி அந்த நிப்பிளில் விரலை வையுங்கள். ஐட்லிங்கில் சும்மா இருக்கும்; த்ராட்டில் கம்பியைக் கொஞ்சம் தள்ளியதும் விரல் நுனியை இழுக்கும். அப்படியென்றால் அது த்ராட்டில் துளை.

இஜிஆர் வால்வுக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகை. எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப சிலிண்டருக்குள் விட்டு, எரியும் சூட்டைக் குறைத்து, நைட்ரஜன் ஆக்சைடை அடக்குவது அதன் வேலை. ஐட்லிங்கில் அது திறக்கவே கூடாது. யாராவது அதை மேனிஃபோல்டில் சொருகிவிட்டால் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் வண்டி உதறி அணைந்துவிடும். நம் ஆட்கள் உடனே கார்புரேட்டர் மிக்சர் ஸ்க்ரூவைத் திருகத் தொடங்குவார்கள். பாவம், அந்த ஸ்க்ரூ என்ன செய்யும்?

இஜிஆருக்குப் போகும் வழியில் தண்ணீர்ச் சூட்டில் வேலை செய்யும் ஒரு வால்வு மேனிஃபோல்டில் திருகியிருக்கும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அதில் ஊதினால் காற்று போகக்கூடாது. சூடானதும் போக வேண்டும். அதன் பிளாஸ்டிக் நிப்பிள்கள் இத்தனை வருடச் சூட்டில் பிஸ்கட்டாகிவிட்டன. ஹோஸை இழுக்கவே இழுக்காதீர்கள். பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள். அந்த வால்வு உடைந்தால் கூலண்டை வடித்துத்தான் மாற்ற வேண்டும். அடுத்து, இஜிஆருக்குப் போகும் வேக்குவத்தைக் கட்டுப்படுத்தும் மாடுலேட்டர்: அதன் மூடியைத் திறந்தால் உள்ளே சின்ன ஃபில்டர் இருக்கும், காற்றடித்துச் சுத்தம் செய்தால் போதும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஹோஸ். பழையதைக் குப்பையில் போடுமுன் உள்ளே பாருங்கள். சிலவற்றில் துளை சிறுத்த ஒரு ஜெட் ஒளிந்திருக்கும், அதைப் புதியதற்கு மாற்ற வேண்டும். டிலே வால்வுகளுக்கு இரண்டு பக்கம் உண்டு: ஒரு பக்கம் ஊதினால் தாராளமாகப் போகும், மறுபக்கம் முக்கி முக்கிப் போகும். கழற்றும்போதே எந்தப் பக்கம் எங்கே பார்த்திருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பளபளவென்று கலர் கலராகக் கிடைக்கும் சிலிகான் ஹோஸை சாதாரண வேக்குவத்துக்குப் போடலாம். கரிக் கேனிஸ்டருக்கும் பிசிவிக்கும் வேண்டாம். பெட்ரோல் ஆவியும் ஆயில் ஆவியும் பட்டால் அது ஊறித் தளர்ந்துவிடும். அங்கெல்லாம் ஃபியூயல் ஹோஸ்தான்.

லீக் தேட, சூடான இன்ஜின்மேல் ஸ்ப்ரே அடிப்பவர்கள் உண்டு. தீப்பிடிக்கும், நான் செய்வதில்லை. இன்ஜின் ஓடும்போது ஹோஸ்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் நசுக்கிப் பார்ப்பேன். ஐட்லிங்கில் வேக்குவம் கிடைக்கும் ஹோஸ் ஒன்றை நசுக்கியதும் இன்ஜின் உதறுவது நின்றால், லீக் அந்த வழியில்தான். டைமிங்கையும் ஐட்லிங்கையும் கடைசியாகத்தான் தொடுவேன், அதுவும் ஸ்டிக்கரில் சொன்னபடி டிஸ்ட்ரிபியூட்டர் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு.