ஜெனீவாத் தீர்மானம்: நாடுகள் கூடுவதும் பிரிவதும் எப்படி?



மார்ச் மாதமும் செப்டெம்பர் மாதமும் வந்தால் வானொலியிலும் பத்திரிகையிலும் "ஜெனீவா" என்ற சொல் அடிபடத் தொடங்கும். தும்பு மில்லிலும் தேநீர்க் கடையிலும் அதே பேச்சுத்தான். ஒருவர் "இந்த முறை தீர்ப்பு வந்திடும்" என்பார். இன்னொருவர் "வெள்ளைக்காரன் திரும்பவும் நாட்டைப் பிடிக்கப் பார்க்கிறான்" என்பார். மூன்றாவது ஆள், "ஐயா, அதில எங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்பார். இந்த மூன்றாவது கேள்விதான் நமக்கு முக்கியம். அதற்குப் பதில் காண வேண்டுமானால், தீர்மானம் என்றால் என்ன, அதை யார் எழுதுகிறார்கள், நாடுகள் அதற்காக எப்படி ஒன்றுசேர்கின்றன என்பவற்றை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேரவை என்பது என்ன?

ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவை 2006 ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. அதற்கு முன்னர் மனித உரிமைகள் ஆணைக்குழு என்ற ஒன்று இருந்தது. பேரவை சுவிற்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகரில் வருடத்துக்கு மூன்று தடவையாவது கூடும். அதில் 47 நாடுகள் உறுப்புரிமை வகிக்கின்றன. ஆபிரிக்காவுக்கு 13, ஆசிய பசுபிக் நாடுகளுக்கு 13, இலத்தீன் அமெரிக்க, கரீபியன் நாடுகளுக்கு 8, மேற்கு ஐரோப்பிய மற்றும் ஏனைய நாடுகளுக்கு 7, கிழக்கு ஐரோப்பாவுக்கு 6 என இடங்கள் பிரிக்கப்பட்டுள்ளன. ஐ.நா. பொதுச்சபையே இவற்றைத் தெரிவு செய்கிறது. ஒரு தவணை மூன்று வருடம்.

பேரவை ஒரு நீதிமன்றம் அல்ல. அது யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. நஷ்டஈடு கொடு என்று கட்டளை போடவும் முடியாது. கூடியிருக்கும் நாடுகள் "இப்படிச் செய்யும்படி கேட்கிறோம்" என்று எழுதி நிறைவேற்றுவதே தீர்மானம். ஆகவே "தீர்ப்பு வந்திடும்" என்று காத்திருப்பது சரியல்ல. "நாட்டைப் பிடிக்கிறார்கள்" என்று பயப்படுவதும் சரியல்ல.

நம் மரண உதவிச் சங்கத்தைப் போல

நமது தோட்டத்து மரண உதவிச் சங்கக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவர் பிரேரணை கொண்டுவருவார், இன்னொருவர் வழிமொழிவார். ஆனால் உண்மையான வேலை கூட்டத்துக்கு முந்திய நாட்களில்தான் நடக்கும். "இந்தச் சொல்லை எடுத்தால் நான் கை தூக்குறேன்" என்பார் ஒருவர். "போன மாதம் எனக்கு உதவினவர், அவருக்கு எதிராக எப்படிப் போறது?" என்பார் மற்றவர். வாக்கெடுப்பு நேரத்தில் வெற்றிலை போட வெளியே போகிறவரும் உண்டு.

ஜெனீவாவிலும் இதுவேதான் நடக்கிறது. சில நாடுகள் சேர்ந்து வரைவு ஒன்றைத் தயாரிக்கும். இவற்றை மையக்குழு என்பார்கள். பேரவையில் உறுப்புரிமை இல்லாத நாடும் இணை அனுசரணை வழங்கலாம், ஆனால் வாக்களிக்க முடியாது. பிறகு மற்ற நாடுகளைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். சொல்லுக்குச் சொல் பேரம் நடக்கும். கடைசியில் ஒருவரும் வாக்கெடுப்புக் கேட்காவிட்டால் தீர்மானம் அப்படியே நிறைவேறும். கேட்டால், ஆதரவும் எதிர்ப்பும் எண்ணப்படும். வாக்களிப்பைத் தவிர்த்த நாடுகள் அந்தக் கணக்கில் சேராது.

இலங்கை பற்றிய வாக்கெடுப்புகள்

யுத்தம் முடிந்த கையோடு, 2009 மே 27 ஆம் திகதி, இலங்கை தானே கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. ஆதரவு 29, எதிர்ப்பு 12, தவிர்ப்பு 6. இந்தியா ஆதரவாக வாக்களித்தது. அதன் பின்னர் காற்று மாறியது.

2012 மார்ச் 22: அமெரிக்கா கொண்டுவந்தது. ஆதரவு 24, எதிர்ப்பு 15, தவிர்ப்பு 8.
2014 மார்ச் 27: ஆதரவு 23, எதிர்ப்பு 12, தவிர்ப்பு 12.
2015 ஒக்டோபர் 1: இலங்கையே இணை அனுசரணை. வாக்கெடுப்பு இல்லை.
2021 மார்ச் 23: பிரித்தானியா தலைமையிலான மையக்குழு கொண்டுவந்தது. ஆதரவு 22, எதிர்ப்பு 11, தவிர்ப்பு 14.
2022 ஒக்டோபர் 6: ஆதரவு 20, எதிர்ப்பு 7, தவிர்ப்பு 20.

2024 ஒக்டோபரிலும் 2025 ஒக்டோபரிலும் வந்த தீர்மானங்களை இலங்கை அரசாங்கம் ஏற்கவில்லை. ஆனாலும் வாக்கெடுப்பு இல்லாமலே அவை நிறைவேறின.

ஒரு நாடு ஏன் அப்படிக் கை தூக்குகிறது?

இந்தியாவை உதாரணமாக எடுப்போம். 2012 இல் இந்தியா தீர்மானத்துக்கு ஆதரவளித்தது. ஆனால் சும்மா அளிக்கவில்லை. ஐ.நா. அலுவலகம் வழங்கும் ஆலோசனையும் உதவியும் இலங்கை அரசாங்கத்துடன் கலந்து பேசி, அதன் சம்மதத்துடன்தான் இருக்க வேண்டும் என்ற வாசகம் சேர்ந்த பிறகே ஆதரவளித்தது. "சம்மதத்துடன்" என்ற அந்த ஒரு சொல்லே தீர்மானத்தின் வேகத்தைக் குறைக்கப் போதுமானது. 2013 இல் தமிழ்நாட்டில் கொந்தளிப்பு ஏற்பட்டது. தி.மு.க. மத்திய அரசாங்கத்துக்குக் கொடுத்த ஆதரவை மார்ச் 19 ஆம் திகதி வாபஸ் வாங்கியது. இரண்டு நாளுக்குப் பிறகு இந்தியா மறுபடியும் ஆதரவாக வாக்களித்தது. 2014 இல் சர்வதேச விசாரணை என்ற விஷயம் வந்ததும், அது நாட்டின் இறைமையில் கை வைப்பது என்று சொல்லி இந்தியா தவிர்த்துக்கொண்டது. 2021, 2022 ஆம் ஆண்டுகளிலும் தவிர்த்தது. ஒரே நாடு, ஒரே பிரச்சினை, ஆனால் நிலைப்பாடு வேறு வேறு.

சீனா 2012 இலும் 2021 இலும் எதிர்த்தே வாக்களித்தது. தனியொரு நாட்டைக் குறிவைத்துத் தீர்மானம் கொண்டுவருவதையே அது ஒப்புக்கொள்வதில்லை. இன்று இலங்கைக்குச் செய்வதை நாளை தனக்கும் செய்வார்களே என்ற யோசனை எந்த நாட்டுக்கும் இருக்கும். இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்ள வேண்டியது, எந்த நாடும் நம்மீது கொண்ட அன்பினால் மட்டும் கை தூக்குவதில்லை, நம்மீது உள்ள பகையினால் மட்டும் கையைக் கீழே போடுவதுமில்லை என்பதே. ஒவ்வொரு நாட்டுக்கும் அதனதன் கணக்கு உண்டு.

ஜனாஸா விவகாரம்

நம் பகுதி மக்கள் மறக்க முடியாத விஷயம் ஒன்று. கொரோனா காலத்தில், 2020 இல், அந்த நோயால் இறந்தவர்களை எரிக்கவே வேண்டும் என்று சட்டம் போடப்பட்டது. முஸ்லிம்களுக்கும் அடக்கம் செய்யும் வழக்கமுள்ள கிறிஸ்தவர்களுக்கும் அது தாங்க முடியாத வேதனை. பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. மக்கள் பொரளை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டினார்கள். இங்குள்ள அமைப்புகளும் சட்டத்தரணிகளும் குரல் கொடுத்தார்கள், முஸ்லிம் நாடுகளும் கவலை தெரிவித்தன. 2021 பெப்ரவரி 23 ஆம் திகதி பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்புக்கு வந்தார். பெப்ரவரி கடைசியில் அடக்கம் செய்ய அனுமதி வர்த்தமானியில் வெளியானது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் ஆரம்பித்தது. அதே மார்ச் 23 ஆம் திகதி ஜெனீவாவில் வாக்கெடுப்பு நடந்தபோது பாகிஸ்தானும் பங்களாதேஷும் இலங்கையின் பக்கம் நின்றன. இந்தோனேசியா தவிர்த்துக்கொண்டது. கட்டாய எரிப்பைப் பற்றிய கவலை அந்தத் தீர்மானத்தின் வாசகத்திலும் இருந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

இது ஒருவரால் மட்டும் நடந்தது என்று சொல்ல முடியாது. வேலியில் துணி கட்டியவர்களும், வழக்குப் போட்டவர்களும், வெளிநாட்டுப் பிரதிநிதிகளும் எல்லோரும் சேர்ந்த அழுத்தம் அது. ஆனால் உள்ளூரில் குரல் எழாமல் இருந்திருந்தால் வெளிநாட்டுக்காரருக்குப் பேச விஷயமே இருந்திராது.

புத்தளமும் 2012 தீர்மானமும்

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்து மக்களுக்கு இரண்டு மணி நேரமே கொடுக்கப்பட்டது. மன்னார்ப் பக்கத்து மக்களில் பலர் வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களும் அவர்களது பிள்ளைகளும் இன்று நம் அயலவர்கள், நம்மோடு வேலை செய்கிறவர்கள்.

யுத்தத்துக்குப் பின் 2010 இல் அரசாங்கம் நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, தனது அறிக்கையில் இந்த மக்களைப் பற்றியும் எழுதியது. இவர்களுக்கு நிலையான தீர்வு காண விசேட குழு ஒன்று அமைக்க வேண்டும், இடம்பெயர்ந்தவர்களிடமும் அவர்களுக்கு இடம் கொடுத்த ஊரவரிடமும் கருத்துக் கேட்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது. அந்த ஆணைக்குழுவின் ஆக்கபூர்வமான சிபாரிசுகளை நிறைவேற்றும்படிதான் 2012 ஜெனீவாத் தீர்மானம் இலங்கையைக் கேட்டது. அதாவது அகதி முகாமில் இருந்தவரின் பேச்சு அறிக்கையில் ஏறி, அறிக்கையிலிருந்து ஜெனீவா வரை போனது. அதனால் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. காணி, வீடு, வாக்காளர் பதிவு என்று அலைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் "அப்படி ஒன்று நடக்கவே இல்லை" என்று இனி ஒருவராலும் சொல்ல முடியாது.

கிடைத்தது என்ன, கிடைக்காதது என்ன?

2015 தீர்மானத்தில் இலங்கை ஒப்புக்கொண்டவற்றில் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகமும் ஒன்று. 2016 இல் சட்டம் வந்தது, 2018 இல் அலுவலகம் வேலை தொடங்கியது. 2018 இல் இழப்பீட்டுக்கான அலுவலகச் சட்டமும் வந்தது. ஆனால் வாக்குறுதியளித்த விசேட நீதிப் பொறிமுறை அமைக்கப்படவே இல்லை. 2020 பெப்ரவரியில் அரசாங்கம் இணை அனுசரணையிலிருந்தும் விலகியது. அதன் பிறகுதான் 2021 தீர்மானம், சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் வேலையை ஐ.நா. உயர்ஸ்தானிகர் அலுவலகத்திடம் ஒப்படைத்தது. 2025 தீர்மானம் அதை மேலும் இரண்டு வருடம் நீடித்தது.

ஒன்றைக் கவனியுங்கள். காணாமற்போனோர் என்றால் தமிழர் மட்டும் என்று நினைக்கக் கூடாது. 1980களின் கடைசியில் தெற்கில் காணாமற்போன சிங்கள இளைஞர்களின் தாய்மாரும் இதில் அடக்கம். அந்த அலுவலகத்தின் கிளை மன்னாரிலும் திறக்கப்பட்டது, மாத்தறையிலும் திறக்கப்பட்டது. ஆகவே ஜெனீவாச் செய்தியைக் கேட்டு லயத்துக்கு லயம் முறைத்துக்கொள்வதில் அர்த்தம் இல்லை.

தோட்டத் தொழிலாளரின் பெயரும் உண்டு

2018 டிசெம்பர் 17 ஆம் திகதி ஐ.நா. பொதுச்சபை, விவசாயிகளினதும் கிராமப்புறங்களில் வேலை செய்வோரினதும் உரிமைகள் பற்றிய பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. ஆதரவு 121, எதிர்ப்பு 8, தவிர்ப்பு 54. பொலிவியா நாடு முன்னின்று நடத்தியது. அதற்குப் பின்னால் பல நாட்டு விவசாயச் சங்கங்கள் வருடக்கணக்காக உழைத்தன. பெருந்தோட்டங்களில் கூலிக்கு வேலை செய்வோரும் அதில் சேர்க்கப்பட்டுள்ளனர். தேங்காய் உரிக்கிறவரும் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவரும் அந்தக் காகிதத்துக்குள் வருகிறார்கள். அதுவும் கட்டளை அல்ல. ஆனால் சங்கம் பேசப் போகும்போது மேசையில் வைக்கக்கூடிய காகிதம்.

நாம் செய்ய வேண்டியது

நாடுகளின் கணக்கை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் அவர்கள் கையில் போகும் காகிதத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பது நம்மிடமிருந்துதான் தொடங்குகிறது. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, கிராம உத்தியோகத்தரின் கடிதம், காணிப் பத்திரம், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைப் பத்திரமாக வையுங்கள். பிரதி எடுத்து இன்னொரு வீட்டிலும் கொடுத்து வையுங்கள். முறைப்பாடு கொடுத்தால் திகதியுடன் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். வயதானவர்களுக்குத் தெரிந்த பெயர், ஊர், திகதி ஆகியவற்றைப் படித்த பிள்ளைகளைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அவர்கள் போன பிறகு கேட்க ஆள் இருக்காது.

கூடிப் பேசுவதற்கான கேள்விகள்

1. தீர்மானத்துக்கும் தீர்ப்புக்கும் உள்ள வித்தியாசம் என்ன?
2. வாக்களிப்பைத் தவிர்க்கும் நாடு உண்மையில் யாருக்கு உதவுகிறது?
3. நம் தோட்டத்தில் எழுதி வைக்கப்படாமல் இருக்கும் விஷயங்கள் எவை? அவற்றை யார் எழுதுவது?

முதலிரண்டு கேள்விகளையும் படிப்பு வட்டத்தில் பேசுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பேச்சு மட்டும் போதாது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கொப்பியும் கையில் இருக்கட்டும்.