தாவரங்களில் வாழும் பயன்தரு நுண்ணங்கிகள்



நுண்ணங்கி என்றதும் நோய்தான் நினைவுக்கு வரும். ஆனால் எமக்கு உதவும் நுண்ணங்கிகள் பல தாவரங்களிலேயே வாழ்கின்றன. இதை விளங்கிக்கொள்ள ஓர் உழுந்துச் செடியிலிருந்து தொடங்குவோம்.

1. வேர்

உழுந்துச் செடியை வேர் அறாமல் கிண்டியெடுத்துக் கழுவுங்கள். வேரில் காணும் சிறு உருண்டைகள் வேர்ச்சிறுகணுக்கள். அவற்றுள் றைசோபியம் வகைப் பற்றீரியாக்கள் உள்ளன. வளியில் ஏறத்தாழ 78% நைதரசன் இருந்தும் தாவரத்தால் அதை நேரடியாகப் பயன்படுத்த முடியாது. பற்றீரியா அதை அமோனியாவாக மாற்றிக் கொடுக்கிறது. பதிலுக்குத் தாவரம் உணவு கொடுக்கிறது. இது ஒன்றியவாழ்வு. நன்கு தொழிற்படும் சிறுகணுவைப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும்.

நெல்லின் வேரில் சிறுகணுக்கள் இல்லை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, யூரியாவை நம்பியிருந்த நெற்செய்கை பெரிதும் பாதிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து வயல்களிலும் நெல் வெட்டிய பின் உழுந்தோ பயறோ விதைத்து, காய் பறித்ததும் செடியை மண்ணுடன் உழுதுவிட்டால், நைதரசனில் ஒரு பகுதி அடுத்த பயிருக்குக் கிடைக்கும். இது யூரியாவுக்கு முழு ஈடாகாது. ஆனால் உரச்செலவு குறையும்.

2. விதை

தோசைக்கு அரைத்த மா இரவில் பொங்குவது ஏன்? உழுந்து விதையுடன் வரும் லியூக்கொனொஸ்ரொக் போன்ற பற்றீரியாக்கள் வெல்லத்தை நொதிக்கச் செய்கின்றன. வெளிவரும் காபனீரொட்சைட்டு மாவைப் பொங்கச் செய்யும். இலற்றிக் அமிலம் புளிப்பைத் தரும். ஒரு கிண்ணம் மாவை வெளியிலும் இன்னொன்றைக் குளிர்சாதனப் பெட்டியிலும் வைத்து, காலையில் ஒப்பிடுங்கள்.

3. பாளை

நிலாவெளிக் கரையோரத்தில் நிற்கும் பனை, தென்னையின் பாளையைச் சீவினால் இனிய சாறு வடியும். மதுவம் அதை நொதிக்கச் செய்ய, எதனோல் உண்டாகிக் கள்ளாகும். முட்டியில் சுண்ணாம்பு பூசினால் காரத்தன்மை மதுவத்தைத் தடுக்கும். சாறு இனிப்பாகவே இருக்கும். கள்ளை மேலும் விட்டுவைத்தால் வேறு பற்றீரியாக்கள் எதனோலை அசற்றிக் அமிலமாக்கும். அதுவே வினாகிரி.

பிள்ளைகள் புள்ளி இழக்கும் இடங்கள்

• சிறுகணுவை நோய் என எழுதுதல்.
• "தாவரம் நைதரசனைப் பதிக்கிறது" என எழுதுதல். பதிப்பது பற்றீரியாவே.

மாதிரி வினா

கருப்பநீர் முட்டிக்குச் சுண்ணாம்பு பூசுவது ஏன்? (2 புள்ளிகள்)

விடை: சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டி மதுவத்தின் செயற்பாட்டைத் தடுக்கும் (1). எனவே வெல்லம் எதனோலாக மாறாது (1).