மல்பெரிக் குச்சி: வீட்டுத் தோட்டத்தில் ஓராண்டுப் பாடம்

ஏழாம் வகுப்பு அறிவியலில் பட்டுப்புழு வளர்ப்பு வருகிறது. முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி எனப் படங்களைக் காட்டி இரண்டு பாடவேளைகளில் முடித்துவிடலாம். ஓமலூர்ப் பக்கம் அப்படி முடிப்பது சற்று வேடிக்கைதான். பட்டு வளர்ச்சித் துறையின் இயக்குநரகம் சென்னையில் இல்லை, நம் சேலத்தில் இருக்கிறது. மத்தியப் பட்டு வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் சேலத்தில்தான். கூடு விற்க வடக்கே தருமபுரியில் அங்காடி உண்டு. சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இத்தனைக்கும் நடுவில், மல்பெரி இலையைத் தொட்டே பார்க்காத பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். காலையில் புழுவுக்கு இலை போட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடிவரும் பிள்ளையும் அதே வகுப்பில் இருக்கிறது. இரு தரப்பும் ஒரே பாடத்தைப் படிக்க ஒரு வழி, ஜூன் மாதத்தில் ஆளுக்கொரு மல்பெரிக் குச்சியைக் கையில் கொடுப்பது.

பள்ளித் தோட்டத்திலேயே நடலாமே என்று கேட்கலாம். பள்ளித் தோட்டத்துக்கு எமன் மே மாதம். பூட்டிய கதவுக்குள் யார் தண்ணீர் ஊற்றுவது? வீட்டு வாசலில் நட்ட செடிக்கு அரிசி களைந்த நீராவது கிடைக்கும். பள்ளியில் ஒரு மரம் இருக்கட்டும், மற்றவை வீட்டுக்குப் போகட்டும்.

குச்சியை எங்கே வாங்குவது? பட்டு விவசாயிகள் கவாத்து செய்யும்போது கட்டுக்கட்டாகக் கிளைகள் விழும். கேட்டால் மறுக்கமாட்டார்கள். ஆனால் நம் பக்கத் தோட்டங்களில் உள்ள வி-1 போன்றவை இலைக்காகவே உருவாக்கப்பட்ட ரகங்கள். பிள்ளைகள் எதிர்பார்ப்பது பழத்தை. எனவே பழம் காய்ப்பதைக் கண்ணால் பார்த்த மரத்திலிருந்து குச்சி எடுப்பதே நல்லது. தாய்மரம் எப்படியோ, குச்சியும் அப்படித்தான். உடல இனப்பெருக்கம் என்ற பாடத்துக்கு வேறு எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

ஆறு முதல் எட்டு மாதம் முதிர்ந்த, பென்சில் பருமனுள்ள கிளை வேண்டும். மூன்று நான்கு கணுக்களுடன் ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கலாம். அடிமுனையைச் சாய்வாகவும் மேல்முனையை நேராகவும் வெட்டிக் கொடுத்தால், எதை மண்ணுக்குள் விடுவது என்ற குழப்பம் வராது. செம்மண்ணும் மணலும் மட்கிய எருவும் கலந்து பையில் நிரப்பி, ஒரு கணு மட்டும் வெளியே தெரியும்படி ஊன்ற வேண்டும். நிழலில் வைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு வாரத்துக்குள் துளிர் வரும்.

இங்கேதான் பாதிக் குச்சிகள் சாகின்றன. துளிர் வந்ததும் வேர் வந்துவிட்டது என்று எண்ணி, பிள்ளைகள் பிடுங்கிப் பார்ப்பார்கள், அல்லது வெயிலில் நட்டுவிடுவார்கள். முதல் துளிர் குச்சிக்குள் சேர்த்துவைத்த உணவில் வருவது. வேர் அதற்குப் பிறகுதான் பிடிக்கும். மூன்று மாதம் பையிலேயே இருக்கட்டும். காலாண்டு விடுமுறைக்குப் பின் மழை கிடைக்கும்போது, ஒன்றரை அடிக் குழி எடுத்து, தொழுஉரம் இட்டு நடலாம். சுவரிலிருந்தும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் பத்தடியாவது தள்ளி நட வேண்டும். தண்ணீர் தேங்கும் இடம் ஆகாது.

இனி முக்கியமான வேலை கவாத்து. வீட்டு மல்பெரி ஏன் காய்ப்பதில்லை என்று கேட்பவர்களின் மரத்தைப் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் கூரைக்கு மேல் வளர்ந்து நிற்கும். வெட்ட மனம் வராமல் விட்டிருப்பார்கள். மல்பெரியில் பூ வருவது புதிதாகத் துளிர்க்கும் கிளையின் இலைக்கணுக்களில். புதுத்துளிர் இல்லையென்றால் பழம் எங்கிருந்து வரும்? இலைக்காக வளர்க்கும் விவசாயி ஆண்டில் நான்கைந்து முறை வெட்டுகிறார், செடி அசராமல் துளிர்க்கிறது. வீட்டில் அவ்வளவு தேவையில்லை. செடி இடுப்பளவுக்கு மேல் வந்ததும் நுனியைக் கிள்ளி, பக்கக் கிளைகளில் மூன்று நான்கை மட்டும் விட வேண்டும். அடுத்த ஆண்டிலிருந்து, கோடை மழை பெய்து பள்ளி திறக்கும் சமயத்தில் அந்தக் கிளைகளை முழ நீளத்துக்குக் குறைக்கலாம். கூர்மையான கத்தரியால் வெட்டுங்கள், பட்டை உரியக் கூடாது. வெட்டிய கிளைகளே அவ்வாண்டு ஏழாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குக் குச்சி.

ஏப்ரலில் தேர்வு முடிந்ததும் வேரடியில் காய்ந்த இலை, தென்னைமட்டை, கரும்புச்சோகை எது கிடைக்கிறதோ அதைப் போட்டு மூடாக்கு இட்டால் போதும். முதல் கோடையில் மட்டும் வாரம் இருமுறை தண்ணீர் வேண்டும். அதன்பின் மரம் தன்னைப் பார்த்துக்கொள்ளும்.

நோயில் கவனிக்க வேண்டியது துக்ரா. மாவுப்பூச்சி சாறு உறிஞ்சுவதால் நுனி இலைகள் கரும்பச்சையாகச் சுருண்டு, கணுக்கள் நெருங்கி முடிச்சுப்போல் ஆகும். அந்த நுனியை ஒடித்து சோப்புக் கரைசலில் போட்டுவிட வேண்டும். கீழே போட்டால் பூச்சி மீண்டும் ஏறும். மருந்துக்கடைக்குப் போக வேண்டாம். பொறிவண்டுகள் மாவுப்பூச்சியைத் தின்னும், மருந்தடித்தால் முதலில் சாவது அவைதான். மேலும், அந்த இலையைப் புழுவுக்கும் போட முடியாது, பழத்தைப் பிள்ளைக்கும் கொடுக்க முடியாது.

இலையைக் கிள்ளினால் பால் வடியும். ஆல், அரசு, அத்தி, பலா எல்லாம் மல்பெரியின் பங்காளிகள் என்பதற்கு அந்தப் பால் ஒரு தடயம். பலாவைப்போலவே மல்பெரியும் கூட்டுக்கனி. பல பூக்கள் சேர்ந்து ஒரு பழம். இந்தப் பாலைப் பற்றி ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் ஒரு சேதி சொன்னார்கள். அதில் சர்க்கரையைப்போல் வடிவமுள்ள ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. மற்றப் புழுக்களுக்கு அவை நஞ்சு, பட்டுப்புழுவை மட்டும் ஒன்றும் செய்வதில்லை. ஒரே இலையைத் தின்று அது எப்படிப் பிழைக்கிறது என்று கேட்கும் பிள்ளைக்கு இந்தப் பதில் பிடிக்கும்.

மரம் பெரிதானதும் இளம்புழு வளர்ப்பு மையத்தில் கேட்டு இருபது புழு வாங்கலாம். ஒரு புழு தன் காலத்தில் ஏறத்தாழ 20 முதல் 25 கிராம் இலை தின்னும். இருபது புழுவுக்கு அரைக் கிலோ. அதில் 400 கிராம், அதாவது ஐந்தில் நான்கு பங்கு, நான்காம் தோலுரிப்புக்குப் பிந்தைய கடைசி ஒரு வாரத்தில் போய்விடும். கணக்குப் பாடத்துக்கு இதைவிட நல்ல சதவீதக் கணக்கு கிடைக்காது. ஈரமான இலை கூடாது. மிஞ்சிய புழுவை எந்த விவசாயியின் மனைக்கும் கொண்டுபோய் விடவும் கூடாது, நோய் பரவும். அவர்கள் வெளியாட்களை மனைக்குள் விடாததும் இதனால்தான். களப்பயணம் கேட்டு மறுத்தால் வருத்தப்பட வேண்டாம்.

அந்தக் கடைசி வாரத்தை வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் விடுப்பெடுக்கும் நாள்கள் பெரும்பாலும் அங்கேதான் விழும். இரவும் பகலும் இலை வெட்டிப் போட வீட்டில் கை போதாது. 'காய்ச்சல்' என்று விடுப்புக் கடிதம் வரும். திட்டுவதில் பயனில்லை. அடுத்த வளர்ப்பு எப்போது என்று முன்கூட்டியே பெற்றோரிடம் கேட்டு வைத்தால், அந்த வாரத்தில் தேர்வு வைக்காமல் இருக்கலாம், காலையில் இலை போட்டுவிட்டு முதல் மணிக்குள் அனுப்பும்படி அம்மாவிடம் பேசலாம். வகுப்பில் புழு வளரும் நாள்களில் அந்தப் பிள்ளையையே பொறுப்பாக நிறுத்தினால் விடுப்பும் குறைகிறது. தோலுரிக்கும் புழு தலையைத் தூக்கி அசையாமல் நிற்பதைச் 'செத்துப்போச்சு' என்று மற்றவர்கள் பதறும்போது, 'தூங்குது, இலை போடாதீங்க' என்று சொல்லும் ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான். நமக்கும் அது தெரிந்திருக்காது.

பழுத்தால் பாதி மைனாவுக்கும் குயிலுக்கும் போகும், போகட்டும். கருஞ்சிவப்புப் பழத்தின் சாறு ஒரு இயற்கை நிறங்காட்டி. எலுமிச்சைச் சாற்றில் பளிச்சென்று சிவக்கும், சமையல் சோடாக் கரைசலில் நீலம் கலந்து மாறும். லிட்மஸ் தாள் வாங்கக் காசில்லாத பள்ளிக்கு இது போதும். சீருடையில் கறை பட்டால் சோப்புக்கு முன் எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்து உடனே அலசச் சொல்லுங்கள். சோப்பை முதலில் போட்டால் கறை நீலமாகி வீட்டில் வசவு விழும்.