‘சில்ட்ரன்’ என்னும் சொல்லும் நம் வேற்றுமை உருபும்



எமது பள்ளியின் விளையாட்டு விழா ஒன்றிற்காக நாம் எழுதித் தொங்கவிட்ட ஆங்கிலப் பதாகையில் ஒரு பிழை இருந்தது. ‘சிறுவர்களின் போட்டிகள்’ என்பதற்குரிய தொடரில், அப்பாஸ்ட்ரஃபி என்னும் மேற்குறியை ‘எஸ்’ எழுத்துக்குப் பின்னால் இட்டிருந்தோம். பெரியவர் எவர் கண்ணிலும் அது படவில்லை. ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியே அதனைத் தன் தந்தையிடம் மெல்லச் சுட்டிக்காட்டினாள். பதாகையை எழுதியவர் அவரே. அவர் முகம் வாடியதை நாம் கண்டோம். அதே மாணவிதான், ‘மரம்’ ஏன் ‘மரத்தின்’ என்றாக வேண்டும், ‘மரமின்’ என்றால் என்ன குறை என்று தமிழ் வகுப்பில் கேட்டுச் சலித்தவள். தந்தைக்கு ஆங்கிலம் இடறிற்று. மகளுக்குத் தமிழ் இடறிற்று. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க விழைந்தோம்.

ஆங்கிலப் பெயர்ச்சொற்களுட் பெரும்பாலானவை ‘எஸ்’ சேர்ந்து பன்மையாகும். அவ்வாறு ஆகாதவற்றைக் குறும்புச் சொற்கள் என்று எண்ணவேண்டா. அவை ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட பழைய ஆங்கிலத்தின் எச்சங்கள். ‘ஃபுட்’ ஏன் ‘ஃபீட்’ ஆகிறது? அச்சொல்லின் மூதாதை வடிவில், பன்மை ஈற்றில் ஓர் இகர ஒலி இருந்தது. வரப்போகும் இகரத்திற்கு நா முன்கூட்டியே ஆயத்தமாக, சொல்லின் நடுவிலிருந்த உயிரொலியும் மாறியது. காலப்போக்கில் ஈறு தேய்ந்து மறைந்தது. மாறிய உயிர் மட்டும் பன்மைக்கு அடையாளமாக நின்றுவிட்டது. ‘மௌஸ் – மைஸ்’, ‘கூஸ் – கீஸ்’, ‘மேன் – மென்’ யாவும் இவ்வழி வந்தவையே.

‘ஷீப்’ என்பது ஒருமைக்கும் பன்மைக்கும் மாறாது நிற்பது கண்டு பிள்ளைகள் வியப்பர். தமிழ் அறிந்தோர் வியக்க வேண்டியதில்லை. ‘ஆடு மேய்ந்தது’, ‘ஆடு மேய்ந்தன’ என இரண்டும் நம் மொழியில் வழுவற்ற தொடர்கள். பெயர் மாறாது நிற்க, வினையே எண்ணை உணர்த்துகிறது. இத்தகைய பெயர்களைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்பது நம் இலக்கண மரபு.

‘சைல்ட்’ என்பதன் கதை இன்னும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் அதன் பன்மை ஏறத்தாழ ‘சில்ட்ரு’ என்று ஒலித்தது. பின்னர் ‘சில்ட்ரெ’ ஆயிற்று. அது பன்மை என்பது மக்களுக்குத் தெளிவாகத் தோன்றாமற் போகவே, ‘ஆக்ஸன்’ என்பதில் உள்ள ‘என்’ ஈற்றையும் கூட்டினர். ஆகவே ‘சில்ட்ரன்’ இரட்டைப் பன்மை. நாமும் இதைச் செய்திருக்கிறோம்! ‘அவர்’ என்பதே பன்மை. தொல்காப்பியம் ‘கள்’ ஈற்றை அஃறிணைப் பெயர்களுக்கே கூறுகிறது. ‘அவர்’ ஒருவரை மதித்துச் சுட்டும் சொல்லான பின், பலரைக் குறிக்க ‘அவர்கள்’ என்றோம்.

இனி உடைமைப் பொருள். விதி எளிது. முதலில் பன்மையை முழுமையாக எழுதுங்கள். அது பன்மைக்குரிய ‘எஸ்’ எழுத்தில் முடிந்தால் மேற்குறி மட்டும் போதும். இல்லையேல் மேற்குறியிட்டு, அதன் பின் ‘எஸ்’ எழுதுங்கள். ‘சில்ட்ரன்’, ‘மென்’, ‘விமென்’, ‘மைஸ்’ ஆகியவை அந்த ‘எஸ்’ இல்லாத பன்மைகள். எனவே குறி முன்னும் ‘எஸ்’ பின்னுமாக வரும். பதாகையில் நாம் தவறியது ஏனெனில், ‘சில்ட்ரன்ஸ்’ என்றொரு பன்மை இருப்பதாக மயங்கினோம்.

தமிழை நினைத்திருந்தால் மயங்கியிரோம். குழந்தை, கள், இன் – ‘குழந்தைகளின்’. எண் முதலில், வேற்றுமை உருபு பின்னர். ஆங்கிலத்திலும் வரிசை அதுவே. நம் மொழியில் அது கண்ணுக்கு வெளிப்படையாகத் தெரிகிறது.

பலரும் வழுக்கும் இடம் ‘வைஃப்’ போன்ற சொற்கள். ‘மனைவியின்’ என்னும்போது ‘எஃப்’ எழுத்து மாறாது; ‘மனைவியரின்’ என்னும்போதே அது ‘வி’ ஆகும். ‘ஷீப்’ என்பதிலோ ‘ஆட்டின்’, ‘ஆடுகளின்’ இரண்டும் ஒரே எழுத்துவடிவம் பெறும். இடம் நோக்கியே பொருள் கொள்ளவேண்டும்.

மாணவியின் வினாவுக்கு வருவோம். மகர ஈற்றுப் பெயர் உருபேற்கையில் ‘அத்து’ என்னும் சாரியை இடையே வரும்: மரத்தின், பணத்தின். பன்மையில் அது வேண்டா: மரங்களின். ‘வீடு’ இரட்டித்து ‘வீட்டின்’ ஆகும். ‘நான்’ என்பது ‘என்’ ஆகவும் ‘நீ’ என்பது ‘உன்’ ஆகவும் திரியும். ‘மைஸ்’ என்பதை மனத்திற்கொண்ட பிள்ளைக்கு இவை மிகையான சுமையல்ல. ‘அத்து’ ஒன்றைக் கற்றால் நூற்றுக்கணக்கான சொற்கள் கைவரும். ‘மைஸ்’ கற்றவருக்கு ‘லைஸ்’ ஒன்றுதான் கூடுதலாகக் கிடைக்கும்.

வீட்டுப் பயிற்சி: கால், எலி, ஆடு, பெண், குழந்தை, கத்தி ஆகிய ஆறு சொற்களுக்கும் ஒருமை உடைமை, பன்மை, பன்மை உடைமை மூன்றையும் இரு மொழிகளிலும் எழுதுக. பிள்ளைகளின் தாளைத் திருத்துமுன் பெற்றோர் தாமும் தனியே எழுதிப் பார்க்க வேண்டுகின்றோம். ஆசிரியர் கூட்டத்தில் நாம் எழுதியபோது ‘கத்திகளின்’ என்பதில் இருவர் தவறினோம்.