திக்கிப் பேசிய சுரங்கத் தொழிலாளி

சொல்ல நினைத்த சொல் தொண்டையிலேயே சிக்கிக்கொள்ளும் துன்பம் அதை அனுபவித்தவர்களுக்கே தெரியும். வகுப்பில் விடை தெரிந்திருந்தும் தலையைக் குனிந்து நின்றவன் நான். அதனால்தான் நம் கல்லூரி நூலகத்தில் பிரிட்டன் வரலாற்று நூல் ஒன்றைப் புரட்டியபோது, அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் தலைசிறந்த பேச்சாளர்களுள் ஒருவர் சிறுவயதில் கடுமையாகத் திக்கியவர் என்ற ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது. அவர் பெயர் அனைரின் பெவன். இயற்பியல் மாணவனுக்கு அரசியல்வாதியின் வரலாறு எதற்கு என்று நண்பர்கள் கேலி செய்தனர். ஆயினும் தேடித் தேடிப் படித்தேன்.

பெவன் 1897 நவம்பர் 15ஆம் நாள் வேல்சு நாட்டில் டிரெடீகர் என்னும் நிலக்கரி நகரத்தில் பிறந்தார். தந்தை டேவிட் சுரங்கத் தொழிலாளி. இசையிலும் நூல்களிலும் பற்றுக் கொண்டவர். தாயார் ஃபீபி தையல் தொழில் தெரிந்தவர். கணக்கிலும் கட்டுப்பாட்டிலும் குடும்பத்தின் கடிவாளம் அவர் கையில்தான் இருந்தது. பத்துப் பிள்ளைகளைப் பெற்று, சிலரைப் பிஞ்சிலேயே பறிகொடுத்த தாய் அவர். பள்ளிக்கூடம் பெவனுக்கு வேம்பாய்க் கசந்தது. பதின்மூன்று வயதில் அதை விட்டுவிட்டு அண்ணனோடு சுரங்கத்துக்குள் இறங்கினார்.

கல்வி அவரை விடவில்லை. தொழிலாளர்கள் தங்கள் காசில் நடத்திய நூலகம் ஊரில் இருந்தது. பகலெல்லாம் கரி வெட்டியவர் இரவெல்லாம் அங்கிருந்து எடுத்துவந்த நூல்களைப் படித்தார். ஒரு சொல் வாயில் வர மறுத்தால் அதே பொருள் தரும் வேறு சொல்லை உடனே எடுத்து வைக்க அவர் பழகிக்கொண்டார். மலைப்பக்கம் நடந்து சென்று உரக்கப் பேசியும் பழகினார். சொல் மாற்றும் வித்தையை நானும் அறிவேன். 'வெப்பம்' வராவிட்டால் 'சூடு' என்பேன். ஆனால் நான் அதை ஓடி ஒளியும் வழியாகவே வைத்திருந்தேன். பெவனுக்கோ அதுவே சொற்களஞ்சியமாகப் பெருகிற்று.

1919இல் தொழிற்சங்க உதவியுடன் இலண்டனில் தொழிலாளர் கல்லூரி ஒன்றில் சேர்ந்து, இரண்டாண்டு பயின்று ஊர் திரும்பினார். வேலை கிடைக்கவில்லை. ஒரு சுரங்கத்தில் கிடைத்த வேலையும் சில மாதங்களில் அது மூடப்பட்டதால் போயிற்று. தங்கை அரியன்வெனின் சம்பளம் குடும்பத்துக்குக் கைகொடுத்தது. இந்த வறுமைக்கு நடுவில் 1925இல் தந்தை இறந்தார். ஆண்டுக்கணக்கில் சுவாசித்த கரித்தூள் நுரையீரலை அடைத்து, மூச்சுத் திணறி, மகனின் கைகளிலேயே உயிர் பிரிந்தது. அந்நோய் தொழிலால் வந்த நோய் என்று அன்றைய சட்டத்தின் பட்டியலில் இல்லை. எனவே இழப்பீடாக ஒரு காசும் கிடைக்கவில்லை.

அந்த மரணத்தோடு டிரெடீகரின் மருத்துவ உதவிச் சங்கத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் பெவனைப் புரிந்துகொள்ள முடியும். தொழிலாளர்கள் ஊதியத்தில் பவுனுக்கு மூன்று பென்சு வீதம் அச்சங்கத்துக்குச் செலுத்தினர். அக்காலத்தில் ஒரு பவுனுக்கு 240 பென்சு. ஆகவே இது எண்பதில் ஒரு பங்குதான். அந்தச் சிறு தொகையைக் கொண்டு சங்கம் மருத்துவர்களை அமர்த்தியது, மருந்து கொடுத்தது, மருத்துவமனையும் நடத்தியது. நகர மக்களுள் மிகப் பெரும்பாலோர் அதன் பாதுகாப்பில் இருந்தனர். பெவன் அதன் மருத்துவமனைக் குழுவில் பணியாற்றினார். ஓர் ஊரால் முடிந்தது ஒரு நாட்டால் ஏன் முடியாது என்ற கேள்வியை அவர் அங்கிருந்துதான் எடுத்துச் சென்றார் என்று நான் கருதுகிறேன்.

1929இல் எப்பு வேல் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். 1945இல் அட்லி அமைச்சரவையில் சுகாதார அமைச்சரானார். மருத்துவர் சங்கம் வாக்கெடுப்பு நடத்தி அவரை எதிர்த்தது. சிறப்பு மருத்துவர்கள் தனியார் நோயாளிகளைப் பார்க்கவும் இடம் தந்து, சமரசம் செய்து, 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரப் பணியைத் தொடங்கி வைத்தார். ஏழை, பணக்காரர் யாராயினும் சிகிச்சை நேரத்தில் பணம் கேட்கப்படாது. அதற்கு முந்திய நாள்தான் மான்செஸ்டரில் பேசும்போது எதிர்க்கட்சியினரைப் புழுப்பூச்சியினும் கீழானவர்கள் என்று ஏசிவிட்டார். அவ்வளவு பெரிய நாளின் முன்னிரவில் அவர் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. திக்கியவரின் நாக்கு அன்று தேவைக்கு மேல் ஓடிவிட்டது! மூக்குக் கண்ணாடிக்கும் பொய்ப்பல்லுக்கும் கட்டணம் வாங்க அரசு முடிவு செய்தபோது, 1951 ஏப்ரலில் பதவியைத் துறந்தார்.

அவருடைய வாழ்க்கைத் துணைவியார் ஜென்னி லீயைப் பற்றிச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை பாதிக் கட்டுரையே. அவரும் சுரங்கத் தொழிலாளியின் மகள்; ஊர் ஸ்காட்லாந்தின் ஃபைஃப். எடின்பரோவில் பட்டம் பெற்று, 1929 பிப்ரவரியில் இடைத்தேர்தலில் வென்றபோது அவருக்கு வயது 24. முப்பது வயது நிரம்பாத பெண்கள் அதுவரை வாக்களிக்க இயலாத நிலை. தமக்கே வாக்கில்லாதவர் பாராளுமன்றம் சென்றார்! 1934இல் இருவரும் மணந்தனர். பிள்ளைகள் இல்லை. ஜென்னியின் பெற்றோர் உடன் வந்து தங்கினர். சமையலறையைத் தாயார் ஏற்றுக்கொண்டதால்தான் மகளால் அரசியலில் நிற்க முடிந்தது. புகழ் முழுவதும் கணவருக்கே போயிற்று. வீட்டு வேலையைப் பார்த்த அந்த அம்மையாரை நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்து செல்கின்றன.

1960 ஜூலை 6 அன்று புற்றுநோயால் பெவன் மறைந்தார். அதன்பின் ஜென்னி அமைச்சராகி, நுழைவுத் தகுதி எதுவும் கேட்காத திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை உருவாக்கப் போராடினார். சொந்தக் கட்சியினரே அதை நம்பவில்லை. 1969இல் அது அரச சாசனம் பெற்றது. 1971 ஜனவரியில் முதல் மாணவர்கள் படிக்கத் தொடங்கினர். நம் நாட்டிலும் 1982இல் ஐதராபாத்திலும், 1985இல் டில்லியிலும் அத்தகைய பல்கலைக்கழகங்கள் தோன்றின. எட்டாம் வகுப்போடு நின்ற என் அக்கா, பின்னர் தனித்தேர்வு எழுதித் தேறி, இப்போது அத்தகைய பல்கலைக்கழகம் ஒன்றின் பாடப்புத்தகத்தைத்தான் அடுப்படியில் வைத்துப் படிக்கிறாள். ஜென்னியின் பெயர் அவளுக்குத் தெரியாது, நான்தான் சொன்னேன்.

டிரெடீகருக்கு வெளியே மலைமேட்டில் நான்கு சுண்ணாம்புப் பாறைகள் நடப்பட்டுள்ளன. திறந்தவெளியில் பெவன் தம் தொகுதி மக்களிடம் பேசிய இடம் அது. நடுவில் உள்ள பெரிய கல் அவருக்கு. சுற்றியுள்ள மூன்றும் அவர் பேச்சைக் கேட்ட மூன்று ஊர்களுக்கு.