அம்புக்குறி விசைக்குக் கை போகாமல்

எழுத்து விழவிருக்கும் இடத்தைக் காட்டும் கோடாகிய கர்சரை நகர்த்த, ஒவ்வொரு முறையும் அம்புக்குறி விசைகளுக்குக் கை பெயர்ந்து திரும்புவதைத் தவிர்க்க விரும்புவோர், விஎஸ் கோட் உரைத்திருத்தியில் குறுக்குவிசைகளை, அதாவது ஒரு கட்டளையை உடனே இயக்கும் விசைச் சேர்க்கைகளை, தாமே அமைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல்+கே, கண்ட்ரோல்+எஸ் என அடுத்தடுத்து அழுத்தித் திறக்கும் பட்டியலில், கர்சரை நகர்த்தும் நான்கு கட்டளைகளையும் தேடி, ஆல்ட் விசையோடு ஐ (மேல்), கே (கீழ்), ஜே (இடம்), எல் (வலம்) ஆகியவற்றை இணைப்பது நலம்.

1976இல் பில் ஜாய் எழுதிய விஐ திருத்தியில் ஹெச், ஜே, கே, எல் விசைகளே இப்பணியைச் செய்தன. அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிகள் அவ்விசைகளின்மேல் அச்சிடப்பட்டிருந்தமையே அதற்குக் காரணம். ஆயினும் ஆல்ட்+ஹெச் விஎஸ் கோடில் உதவிப் பட்டியலைத் திறப்பதால், அம்மரபு ஆல்ட் விசையோடு பொருந்தாது.

பலரும் தவறவிடுவது மற்றொன்று: தட்டச்சின்போது தோன்றும் பரிந்துரைப் பட்டியலில் மேலும் கீழும் செல்வதற்கான கட்டளைகள் தனியானவை; பரிந்துரை தெரியும்போது மட்டும் செயல்படுமாறு நிபந்தனையிட்டு, அவற்றையும் இதே விசைகளோடு இணைத்தல் வேண்டும்.